சொட்டாத குழாய்

இடது கை கறுப்புக் குழாயை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. வலது கையில் பழுக்கக் காய்ச்சிய கோணி ஊசி. ஊசி முனை குழாயைத் தொட்டதும் மெல்லிய புகை ஒன்று எழுந்து, தீய்ந்த வாடை வந்தது. துளை விழுந்தது. கட்டைவிரல் நகம் துளையின் விளிம்பை வழித்துச் சுத்தம் செய்தது. பிறகு இரண்டு கைகளும் சேர்ந்து ஒரு மெல்லிய டியூபை அந்தத் துளையில் செருகித் திருகி, இழுத்துப் பார்த்தன. வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தன. வரவே இல்லை. கைகள் அடுத்த துளைக்கு நகர்ந்தன.

மொட்டைமாடியில் வெயில் இன்னும் ஏறவில்லை. ஆனாலும் முந்தின நாள் சூடு தரையில் மிச்சம் இருந்தது. குழாய் தரையோடு தரையாக மாடியைச் சுற்றி வளைந்து போயிற்று. அதிலிருந்து ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு டியூப் மேலேறி, விளிம்பைத் தாண்டி மண்ணை எட்டிப் பார்த்தது. ஆஸ்பத்திரியில் வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்கு டிரிப் ஏற்றியது போல இருந்தது.

"மாடியில் இருப்பவர் கவனத்திற்கு!" என்று கீழிருந்து ஒரு குரல் எழுந்தது. "விடிஞ்சதுலேர்ந்து அங்க என்னடா பண்ற?"

"பைப் போடறேன்க்கா!"

"செடிக்கு எதுக்குடா பைப்பு? என்ன, எனக்கும் ஒரு பாத்ரூம் வேணும்னு கேட்டுச்சா?"

தெருவில் போய்க்கொண்டிருந்த பால்காரர் சிரிக்கிற சத்தம் மாடிவரை கேட்டது.

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரரைத் தெருவில் எல்லோரும் வாஷர் என்றுதான் கூப்பிடுவார்கள். குழாய் வேலை செய்கிறவர். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு பிடி ரப்பர் வாஷர் கிடக்கும். விருந்துக்குப் போன வீட்டில் கைகழுவுகிற குழாய் சொட்டினால்கூட, சாப்பாடு ஆறினாலும் பரவாயில்லை என்று அதைக் கழற்றி மாட்டிவிட்டுத்தான் இலையில் வந்து உட்காருவார். இளவயதில் ஹார்ட்வேர் கடையில் மூட்டை தூக்கினார். பழுதாகித் திரும்பி வந்த குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, பிரித்துப் பார்த்து, சேர்த்துப் பார்த்து, தொழிலைத் தானாகவே பிடித்துக்கொண்டார். ஊரில் அவரைவிட வேகமாக வேலை செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அவர் போட்ட இணைப்பில் கசிவு வந்ததாக யாரும் சொன்னதில்லை. உலகத்தில் அவருக்குப் பிடிக்காத சத்தம் ஒன்றே ஒன்றுதான். சொட்டு.

கீழே இருந்து கத்தியது அவருடைய அக்கா. பஸ் நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்லி ஓய்வு பெற்றவள். மைக் போய்விட்டது, குரல் போகவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது ஏன் என்று கேட்டால், "ஊருக்கெல்லாம் பஸ் சொல்லிக்கிட்டே இருந்தேனா, என் பஸ் கிளம்பினதைக் கவனிக்கலை" என்பாள். வீட்டின் கீழ்ப்பகுதியில் அவள் இருந்தாள். நடு மாடியில் வாஷரும் அவர் மனைவியும். அதற்கு மேலே தோட்டம்.

அந்தத் தோட்டம் முழுக்க அக்காவுடையது. தொட்டிகள் மட்டும் வாஷர் கொண்டுவந்தவை. வேலைக்குப் போன இடங்களில் கழித்துப் போட்ட வாஷ்பேசின்கள், மூடி உடைந்த ஃப்ளஷ் டேங்குகள், ஒரு பெரிய குளியல் தொட்டி. கத்தரி வாஷ்பேசினில் காய்த்தது. ரோஜா ஃப்ளஷ் டேங்கில் பூத்தது. குளியல் தொட்டியில் ஓர் எலுமிச்சை கால் நீட்டி நின்றது. இத்தனை தொட்டிகளைச் சுமந்து ஏற்றியவர் ஒரு நாளும் ஒரு செடியைத் தொட்டதில்லை. ஏற்றிவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.

அக்காவுக்கு முழங்கால் தேய்ந்து பல காலம் ஆகிவிட்டது. அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளச் சொல்லி டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார். அவளும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். "நான் படுத்துட்டா மேல யாரு தண்ணி ஊத்துவா?" என்பதுதான் எப்போதும் பதில். இந்தக் கோடைக்கு முன்னால் வலி பொறுக்க முடியாமல் போனபோது வாஷர்தான் வாக்குக் கொடுத்தார்.

"நான் பாத்துக்கறேன்க்கா. ஒரு செடி போகாது. என் பொறுப்பு."

"செடின்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு?"

"குழாய் இல்லாத ஒரு சாமான். குழாய் போட்டுட்டா தெரிஞ்சுடும்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, "எலுமிச்சையை மட்டுமாவது பாத்துக்கடா" என்றாள். அந்த எலுமிச்சை அவள் விதை போட்டு வளர்த்தது. பல வருஷமாக முள்ளும் இலையுமாகவே நின்றது. இந்த முறைதான் முதன்முதலாகப் பூத்து, மிளகு அளவுக்குப் பிஞ்சு பிடித்திருந்தது.

அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண், வாஷரை வாசலுக்குக் கூப்பிட்டு வைத்துச் சொன்னாள்: "காலை மடக்கி நீட்டறப்ப உயிர் போற வலி இருக்கும், சார். நிறையப் பேர் பாதியில விட்டுடுவாங்க. விட்டுட்டா மூட்டு இறுகிடும், அப்புறம் யாராலயும் ஒண்ணும் செய்ய முடியாது. உங்க அக்காவுக்கு மாடிக்குப் போகணும்னு ஒரு வெறி இருக்கு பாருங்க, அதுதான் அவங்களை நடக்க வைக்குது. அதைக் கெடுத்துடாதீங்க."

வாஷர் தலையாட்டினார்.

எப்படித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அக்கா சொல்லித்தான் அனுப்பினாள். வெயிலுக்கு முன்னால் ஒரு தடவை, வெயில் சாய்ந்த பிறகு ஒரு தடவை, குவளையால், வேரைப் பார்த்து, மெதுவாக. கோடைக்காலத்தில் வாஷருக்கு அந்த இரண்டு நேரமும் கிடையாது. எங்கே பார்த்தாலும் தண்ணீர்க் கஷ்டம். மோட்டார் ஏறவில்லை, தொட்டி நிரம்பவில்லை என்று விடியும் முன்பே ஆள் வந்து நிற்பார்கள். இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். மத்தியானம் சாப்பிட வரும்போது மட்டும் ஒரு சின்ன இடைவெளி. யாருக்கானாலும் தாகம் எடுக்கிற நேரம் மத்தியானம்தானே என்று அவர் நினைத்தார். வெயிலில் வேலை செய்கிறவனுக்கு உச்சிவேளையில்தான் ஒரு செம்பு தண்ணீர் அமிர்தம். செடிக்கு மட்டும் வேறு கணக்கா?

அப்படித்தான் அந்தக் குழாய் வந்தது. ஒரு வால்வைத் திறந்தால் எல்லாத் தொட்டிக்கும் அளவாகத் தண்ணீர் போகும். அளவு ஆனதும் மூடிவிட்டுச் சாப்பிடப் போகலாம். தண்ணீர்த் தொட்டி ஒரு தகரக் கூரைக்கடியில் நிழலில் இருந்தது, அதனால் தண்ணீர் குளுகுளுவென்றே இருக்கும். டியூபுகளை அவர் மேல்நோக்கி வைத்ததற்கும் காரணம் இருந்தது. கீழ்நோக்கி வைத்தால் வால்வை மூடிய பிறகும் குழாயில் இருக்கிற தண்ணீர் வடிந்து சொட்டிக்கொண்டே இருக்கும். மேல்நோக்கி வைத்தால் மூடிய மறுநொடி நின்றுவிடும். ஒரு சொட்டு வீணாகாது.

முதல் நாள் மத்தியானம் வால்வைத் திறந்து ஓர் இணைப்பு விடாமல் விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. மூடினார். நின்றது. மனுஷனுக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையல்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"எப்படி மாஸ்டர்?"

"பிரமாதம் வாஷரண்ணே. செடியெல்லாம் அட்மிட் ஆன மாதிரி இருக்கு. எப்ப டிஸ்சார்ஜ்?"

சில நாள் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. பிறகு மாடியின் மறுகோடியில், குழாயின் கடைசியில் இருந்த செடிகள் ஒவ்வொன்றாகத் தலை தொங்கின. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இருந்த மிளகாயும் புதினாவும் ஜம்மென்று நின்றன. நடுவில் இருந்த கத்தரி சுமார். கோடியில் இருந்த தக்காளி துவண்டு விழுந்தது. ரோஜா கருகியது. எலுமிச்சையின் இலைகள் ஓரம் பழுத்துச் சுருண்டன.

வாஷருக்கு இது தெரிந்த வியாதிதான். எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார்! முதல் குழாயில் தண்ணீர் கொட்டும், கடைசிக் குழாயில் நூலாக வரும். அழுத்தம் போதவில்லை. அவ்வளவுதான். கடைசியில் இருந்த டியூபுகளைப் பிடுங்கிவிட்டுப் பெரிதாக மாட்டினார். முன்னால் இருந்தவற்றுக்கு இறுக்கிக் கட்டுப் போட்டார். இப்போது கோடிக்குத்தான் முதலில், அதிகமாகத் தண்ணீர் போயிற்று. கோடியில் இருந்தவை இன்னும் வேகமாக வாடின.

கீழேயிருந்து தினமும் விசாரணை நடந்தது.

"டேய்! எலுமிச்சை எப்படி இருக்கு?"

"இருக்குக்கா!"

"இருக்குன்னா? இலை மேல பாக்குதா, கீழ பாக்குதா?"

வாஷர் எலுமிச்சையைப் பார்த்தார். அது எங்கேயும் பார்க்கிற நிலையில் இல்லை. "வெயில் ஜாஸ்திக்கா, கொஞ்சம் வாட்டமா இருக்கு!" என்று கத்தினார்.

"தண்ணி சரியாப் போகுதா?"

"அதெல்லாம் கச்சிதமாப் போகுது!"

அதில் பொய் இல்லை. தண்ணீர் கச்சிதமாகத்தான் போனது. அதுதான் அவருக்குப் புரியவில்லை. இரவுச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள்: "ஏங்க, அண்ணிகிட்ட விவரமாச் சொல்லிடுங்களேன். அவங்களுக்குத் தெரியாததா?"

"சொன்னா பாக்கணும்னு கிளம்பிடும். அது காலு இப்ப படியேறற காலா?"

"அப்ப செடி போனா?"

வாஷர் தட்டைத் தள்ளிவைத்தார். போனால், கீழே இருக்கிறவள் எதற்காகக் காலை மடக்கி நீட்டுவாள்? அதைக் கெடுத்துவிட வேண்டாம் என்றுதானே பயிற்சி கொடுக்கும் பெண் வாசலில் வைத்துச் சொன்னாள்.

மறுநாள் மத்தியானம் அவர் ஒரு முடிவோடு மாடிக்குப் போனார். குழாயின் கடைக்கோடியில் மண் அடைத்திருக்க வேண்டும். அங்கே போட்டிருந்த மூடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை முழு வேகத்தில் தண்ணீரை ஓடவிட்டால் அடைப்பு வெளியே வந்துவிடும். வால்வைத் திறந்து வைத்துவிட்டு, தரைச் சூட்டுக்குச் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடந்து, எலுமிச்சைக்குப் பக்கத்தில் குந்தினார். மூடியைத் திருகினார். அவரே இறுக்கிய மூடி, சுலபத்தில் அசையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருகு திருகினார்.

மூடி தெறித்தது. தண்ணீர் பீறிட்டு அவர் பாதத்தில் விழுந்தது.

"ஐயோ!"

அவர் ஒற்றைக்காலில் குதித்தார். குளிக்கப் போட்ட வெந்நீர் எவ்வளவோ தேவலை. தோல் உரிகிற சூடு. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓட ஓட, வெந்நீர் வெதுவெதுப்பாகி, வெதுவெதுப்பு குளிர்ந்தது. அந்தக் குளிர்ந்த தண்ணீரிலேயே பாதத்தை நீட்டிக்கொண்டு வாஷர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து மாடியிலிருந்து தையல்காரர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, நடனமா?"

"மாஸ்டர்... கொதிக்குது மாஸ்டர். தண்ணி கொதிக்குது."

"அடப்பாவமே. அப்ப இத்தனை நாளா செடிக்கு ரசம் வெச்சு ஊத்தியிருக்கீங்க."

வாஷர் சிரிக்கவில்லை. எல்லாம் இப்போது வரிசையாகப் புரிந்தது. ஒவ்வொரு நாளும் மத்தியானம் மூடிய தண்ணீர் குழாயிலேயே நின்றது. சொட்டவில்லை, வடியவில்லை, ஏனென்றால் அவர் போட்ட இணைப்பு. மறுநாள் காலையிலிருந்து கறுப்புக் குழாய் வெட்டவெயிலில் கிடந்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சியது. உச்சிவேளையில் வந்து அவர் வால்வைத் திறந்தபோது, நிழல் தொட்டியின் குளிர்ந்த தண்ணீர் பின்னால் இருந்து தள்ள, காய்ந்த தண்ணீர் முழுவதும் கோடியில் இருந்த வேர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. அளவு ஆனதும் மூடிவிட்டார். குளிர்ந்த தண்ணீர் பக்கத்தில் இருந்த மிளகாய்க்கும் புதினாவுக்கும் மட்டும் கிடைத்தது. அவர் இணைப்புகளைத் தடவிப் பார்த்தாரே ஒழிய, ஒரு நாளும் தண்ணீரில் கைவைத்துப் பார்க்கவில்லை. வேறு எவனாவது அரைகுறை ஆள் போட்டிருந்தால் குழாய் இரவெல்லாம் ஒழுகித் தீர்ந்து, காலையில் காலியாக இருந்திருக்கும். செடியும் பிழைத்திருக்கும்.

அவர் வால்வை மூடவில்லை. அப்படியே ஓடவிட்டுவிட்டு, ஈரத் துண்டைப் பாதத்தில் சுற்றிக்கொண்டு, நொண்டியபடி இரண்டு மாடிப் படிகளையும் இறங்கிக் கீழே போனார்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். தம்பியின் நடையைப் பார்த்ததும், "என்னடா, எனக்குத் துணையா நீயும் கிளம்பிட்டியா?" என்றாள்.

வாஷர் கட்டிலின் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. ரோஜா போய்விட்டதை, தக்காளி போய்விட்டதை, எலுமிச்சையின் பிஞ்சு அத்தனையும் உதிர்ந்துவிட்டதைச் சொன்னார். சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தில் இருந்த கேலி வடிந்தது. அவள் நீட்டியிருந்த காலை மெதுவாக இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"அக்கா."

"போடா. சாப்பிட்டு வேலைக்குப் போ."

அன்று சாயங்காலம் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை, தலைவலி என்று திருப்பி அனுப்பிவிட்டாள். மறுநாளும் தலைவலி. தெருவே வெறிச்சோடிப் போன மாதிரி இருந்தது. "என்னண்ணே, ரேடியோ ரிப்பேரா?" என்று பால்காரர் கேட்டார்.

வாஷர் கால் சுட்ட அன்றே குழாயைப் பிடுங்கி எறிந்திருந்தார். இப்போது விடியும் முன்பே எழுந்து குவளையால்தான் தண்ணீர் ஊற்றினார். இலையெல்லாம் கொட்டி, குச்சி குச்சியாக நின்ற எலுமிச்சைக்கும் ஊற்றினார். செத்ததற்கு ஊற்றுகிறோமா, இருப்பதற்கு ஊற்றுகிறோமா என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த நாள் காலை, தண்ணீர் ஊற்றிவிட்டு நேராக அக்காவின் அறை வாசலில் போய் நின்றார்.

"எலுமிச்சைக்கு உயிர் இருக்கா இல்லையான்னு எப்படிக்கா பாக்கறது?"

அவள் திரும்பவில்லை.

"எனக்குத் தெரியலைக்கா. நீ சொல்லலேன்னா வேற யாரு சொல்லுவா?"

சுவரிலிருந்து குரல் வந்தது. "நகத்தால தண்டைக் கீறிப் பாரு. உள்ள பச்சையா இருந்தா உயிர் இருக்கு. காஞ்சு பழுப்பா இருந்தா இல்லை. நுனியிலேர்ந்து ஆரம்பிச்சுக் கீழ வா."

வாஷர் மாடிக்கு ஓடினார். நுனிக் கிளையைக் கீறினார். பழுப்பு. இன்னும் கொஞ்சம் கீழே. பழுப்பு. கிளை தண்டோடு சேருகிற இடத்தில் நகத்தை வைத்தார். கீறினார். மெல்லிய பச்சை. நகத்தில் ஈரம் ஒட்டியது. முகர்ந்து பார்த்தார். எலுமிச்சை வாசனை.

"அக்கா!" மாடி விளிம்பில் நின்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக் காக்கைகள் பறந்தன. "பச்சைக்கா! அடியில பச்சை!"

கீழேயிருந்து, பஸ் நிலையமே திரும்பிப் பார்க்கிற குரலில்: "அப்ப ஏன்டா நின்னு கத்திக்கிட்டிருக்க? காஞ்சதையெல்லாம் பச்சை வரைக்கும் வெட்டு! வெட்டிட்டு நிழல் கட்டு!"

அன்றிலிருந்து கீழேயிருந்து உத்தரவும், மேலேயிருந்து பதிலுமாக அந்தக் கோடை நகர்ந்தது. மேலே எலுமிச்சை ரம்பத்தால் அறுபட்டு ஒரு முழ உயரத்துக்குக் குறைந்தது. தையல்காரர் பழைய படுக்கை விரிப்புகளை இணைத்துத் தைத்து ஒரு பெரிய நிழல்துணி கொடுத்தார். "பூப்போட்டது செடிக்கு, கட்டம் போட்டது உங்களுக்கு" என்றார். வாஷர் நான்கு மூலையிலும் குழாயை நட்டு அதைக் கட்டினார். குழாய் வேலை தெரிந்தது அந்த மட்டும் உதவியது. தொட்டிகளைத் தள்ளி ஒன்றோடொன்று நெருக்கி வைத்தார். ஒன்றின் நிழல் இன்னொன்றின் மேல் விழ வேண்டும் என்று உத்தரவு. தரைச் சூடு ஏறாமல் இருக்க அடியில் செங்கல் கொடுத்தார். மண் தெரியாதபடி காய்ந்த இலையைப் பரப்பினார். வெயிலை வாங்காமல் இருக்கக் குளியல் தொட்டியின் வெளிப்புறத்துக்குச் சுண்ணாம்பு அடித்தார்.

தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். மேலே காய்ந்திருந்தால் பரவாயில்லை, உள்ளே ஈரம் இருந்தால் ஊற்றக் கூடாது. முதலில் வாஷருக்கு இது பிடிபடவில்லை. ஈரம் என்றாலே கசிவு என்று பழகிய விரல் அது. ஈரத்தைத் தேடிப் போய், கண்டதும் நல்லது என்று நினைக்க அதற்குக் கொஞ்ச நாள் பிடித்தது. பிறகு விரலே சொல்ல ஆரம்பித்தது: இன்றைக்கு வேண்டாம், இதற்கு அரைக் குவளை, இதற்கு முழுசு. அந்த நேரத்தில் வானம் வெளுக்காமல் இருக்கும். தெருவில் ஒரு சத்தமும் இருக்காது. காய்ந்த மண்ணில் தண்ணீர் விழுந்ததும் உள்ளே இறங்குகிற மெல்லிய சத்தம் மட்டும் கேட்கும். அதைக் கேட்கிற வரைக்கும் அவர் அடுத்த தொட்டிக்குப் போகமாட்டார்.

வேலைக்குக் கூப்பிட வந்தவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். "அவசரம்ங்க" என்று ஒருவர் குரல் கொடுத்தபோது அவர் மேலேயிருந்து, "இங்கயும் அவசரம்தாங்க, இருங்க" என்றார்.

கீழே பயிற்சி மறுபடி தொடங்கியது. வலி தாங்காமல் அக்கா போடுகிற சத்தம் மாடிக்குக் கேட்கும். ஒரு நாள் அவள் தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "இனிமே எலுமிச்சையைப் பத்தி எதுவும் சொல்லாதே. நல்லதும் சொல்லாதே, கெட்டதும் சொல்லாதே."

"ஏன்க்கா?"

"நல்லா இருக்குன்னா சாவகாசமாப் பாத்துக்கலாம்னு படுத்துடுவேன். போயிடுச்சுன்னா எழுந்திருக்கவே மாட்டேன். தெரியாம இருந்தாத்தான் ஏறுவேன்."

வாஷர் சொல்லவில்லை. மனைவி கேட்டபோதுகூடச் சொல்லவில்லை. "எங்கிட்ட சொன்னா என்ன?" என்று அவள் கோபித்துக்கொண்டாள். "உங்கிட்ட சொன்னா அது சமையலறை ஜன்னல் வழியா இறங்கிக் கீழ போயிடும்" என்றார். அன்று குழம்பில் உப்பு அதிகமாக இருந்தது.

அக்கா முதலில் அறைக்குள் நடந்தாள். பிறகு வாசல்வரை. பிறகு படியில் ஒரு காலை வைத்து இறக்கினாள். நடு மாடிவரை ஏறி, வாஷர் வீட்டு நாற்காலியில் மூச்சு வாங்க உட்கார்ந்து, "உப்பு கம்மியாப் போடும்மா" என்று தம்பி மனைவிக்குப் புத்தி சொல்லிவிட்டு இறங்கினாள். கோடை தணியத் தொடங்கிய ஒரு காலையில், தானே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, நடு மாடியில் நிற்காமல் மேலே பார்த்தாள்.

"இன்னிக்குப் போறேன்டா."

வாஷர் பின்னால் வந்தார். பிடிக்கப் போன கையைத் தட்டிவிட்டாள். நல்ல காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்துச் சேர்த்து, ஒவ்வொரு படியிலும் நின்று ஏறினாள். வாஷரின் மனைவி வாசலில் நின்று சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

வாஷருக்கு ஒரு வழக்கம் உண்டு. புது வீட்டுக்குக் குழாய் வேலை முடித்தால், சாவியைக் கொடுப்பதுபோல வீட்டுக்காரரை அறை அறையாகக் கூட்டிப்போவார். ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடிக் காட்டுவார். எங்கே நன்றாக வந்திருக்கிறது, எங்கே சுவரை இடிக்க முடியாமல் வளைத்துப் போக வேண்டியிருந்தது என்று சொல்லிவிடுவார். எதையும் மறைத்துவிட்டு வேலையை ஒப்படைத்தது கிடையாது. மாடிக் கதவைத் திறந்ததும் அதே குரலில் ஆரம்பித்தார்.

"இது மிளகாய். ஒண்ணும் ஆகலை. காயெல்லாம் நான்தான் பறிச்சேன். இது புதினா. ஓரத்துல வெட்டிவிட்டேன், மறுபடி வந்துடுச்சு. கத்தரி ரெண்டு போச்சு, மத்தது பூ வெச்சிருக்கு. தக்காளி எல்லாமே போச்சு, மண்ணை மாத்தி வெச்சிருக்கேன், நீ எது வேணாப் போடு. ரோஜா போச்சு. அந்தத் தொட்டி காலியாத்தான் இருக்கு, நான் எதையும் வெச்சு மறைக்கலை."

அக்கா ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். மிளகாயின் இலையைத் திருப்பி அடியில் பார்த்தாள். காலியாக இருந்த தொட்டியின் விளிம்பில் கையை வைத்து எடுத்தாள். பூப்போட்ட விரிப்பின் நிழல் அவள் முகத்தில் விழுந்தது. அவள் கேட்காததால் அவரும் நிறுத்தாமல் அடுத்ததுக்குப் போனார். கடைசியில் சுண்ணாம்பு அடித்த குளியல் தொட்டிக்கு வந்ததும் ஒதுங்கி நின்றார்.

எலுமிச்சை குட்டையாக இருந்தது. ஒரு பக்கம் முழுக்க வெட்டிய கட்டைதான். மறுபக்கத்தில், தண்டின் அடியிலிருந்து புதுத் துளிர்கள் கிளம்பி, இளம்பச்சையும் செம்பும் கலந்த இலைகளாக விரிந்திருந்தன. காய் இல்லை. பூவும் இல்லை.

"இந்த வருஷக் காய் போச்சுக்கா. அடுத்த வருஷமும் காய்க்குமான்னு எனக்குத் தெரியாது. அந்தப் பக்கம் வேர் வெந்துடுச்சு. இந்தப் பக்கம் இருக்கு. அவ்வளவுதான் என்னால காப்பாத்த முடிஞ்சது."

அக்கா தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு, புது முழங்காலை மெதுவாக, முகத்தைச் சுளித்து, வளைத்தாள். முழுசாக மடங்கவில்லை. மடங்கிய மட்டும் குனிந்து காய்ந்த இலைகளை விலக்கி, மண்ணில் விரலை விட்டாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள்.

"காலையில ஊத்தினியா?"

"இல்லைக்கா. ஈரம் இருந்துச்சு."

"ம்." விரலை எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள். ஒரு துளிரின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்த பழுப்பு இலையை, அவர் கண்ணுக்குத் தப்பிய ஒன்றை, கிள்ளி எறிந்தாள். "சரி. நாளையிலேர்ந்து நான் பாத்துக்கறேன். உன்னைக் கூப்பிட ஆள் வந்து நிக்குது பாரு, நீ கிளம்பு."

வாஷர் படிப்பக்கம் நடந்தார். பின்னால் அக்கா எலுமிச்சையின் முன்னால் ஒரு செங்கல்லை இழுத்துப் போட்டு, காலை நீட்டி உட்காருகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.